எண்ணெயும் எரிவாயுவும் நிலத்தடியில் உருவாவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் செத்த உயிர்கள் மண்ணில் புதைந்து எண்ணெய் ஆயின என்று பள்ளிப் பாடம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எந்த உயிர், எந்தச் சேறு, எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு காலம், எது முன்னால், எது பின்னால் என்பவை அந்த வரியில் இல்லை. ஒரு படுகையில், அதாவது படிவுப் பாறைகள் சேர்ந்த பெரும்பள்ளத்தில், எண்ணெய் இருக்குமா, வாயு இருக்குமா, ஒன்றுமே இருக்காதா என்பது அந்த விவரங்களில்தான் இருக்கிறது. உதாரணங்களுக்கு முடிந்தவரை காவிரிப் படுகையையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே தெளிவாகக் காட்ட முடியாதவற்றுக்கு மட்டும் வெளியே போயிருக்கிறோம்.

பெட்ரோல் டைனோசர்களிலிருந்து வந்ததா?

இல்லை. கச்சா எண்ணெயின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளிலிருந்தும், அவற்றின் மிச்சத்தைத் தின்று பெருகிய பாக்டீரியாக்களிலிருந்தும் வந்தது. பெரிய விலங்குகளின் மொத்த எடை பாசிகளின் எடைக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. அவற்றின் உடலும் புதையும் முன்பே தின்னப்பட்டுவிடும்.

இதற்குச் சான்று எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் 1930களில் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் மூலக்கூறுகளைக் கண்டுபிடித்தார். இலைப் பச்சையத்தின் சட்டகம் அது. பிறகு ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற பல தடய மூலக்கூறுகள் கிடைத்தன. ஹோப்பேன் பாக்டீரியாவின் செல் சுவரையொட்டிய சவ்விலிருந்தும், ஸ்டெரேன் பாசி போன்ற உயிர்களின் ஸ்டெராலிலிருந்தும் வருபவை. ஓலியனேன் என்ற மூலக்கூறு பூக்கும் தாவரங்களுக்கு உரியது. அது நிறைய இருந்தால் அந்த எண்ணெயின் மூலம் கிரெட்டேசியஸ் காலத்துக்கு (ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ஓர் எண்ணெய் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதை இன்றும் இந்தத் தடயங்களை ஒப்பிட்டே முடிவு செய்கிறார்கள்.

கடலில் தினமும் எத்தனையோ உயிர்கள் சாகின்றன. எல்லாமே எண்ணெய் ஆகிவிடுமா?

ஆகாது. கடலில் உருவாகும் கரிமப் பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட அடிச் சேற்றில் தங்குவதில்லை. மற்றதெல்லாம் தின்னப்பட்டு, ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பிவிடுகிறது.

அந்தச் சிறு பங்கு தங்குவதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. அடிநீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். கருங்கடலில் சுமார் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடுதான் இருக்கிறது. அங்கே விழுவதைத் தின்னப் புழுக்களும் நண்டுகளும் இல்லை. அடுத்து, படிவு நுண்ணிய களிமண்ணாகவோ சுண்ணாம்புச் சேறாகவோ இருக்க வேண்டும். மணல் என்றால் அதன் இடுக்குகளில் புதிய நீர் ஓடி எல்லாவற்றையும் ஆக்சிஜனேற்றிவிடும். மூன்றாவது, படியும் வேகம். மிக மெதுவாகப் படிந்தால் சடலம் வெகுகாலம் மூடப்படாமல் கிடந்து அழியும். மிக வேகமாகப் படிந்தால் ஆற்று மண்ணே அதிகமாகிக் கரிமப் பொருள் நீர்த்துப்போகும்.

உலகக் கடல்களின் பெரும்பரப்பில் ஆக்சிஜன் குறைந்த காலங்கள் சில உண்டு. ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் நடுவில் நடந்தது அவற்றில் ஒன்று. பல கண்டங்களில் அந்த வயதுக் கருமையான ஷேல் பாறைகள், அதாவது இறுகிய களிச்சேற்றுப் பாறைகள், கிடைக்கின்றன. உலக எண்ணெய் எல்லா யுகத்துக்கும் சமமாகப் பங்கிடப்படாமல் சில காலத்துப் பாறைகளில் குவிந்திருப்பதற்கு இத்தகைய காலங்கள் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு ஷேலில் எடைக்கணக்கில் 0.5 சதவீதத்துக்குக் குறைவாகக் கரிமக் கார்பன் இருந்தால் பொதுவாக அதை மூலப்பாறையாக, அதாவது எண்ணெயோ வாயுவோ பிறக்கும் பாறையாக, கருதுவதில்லை. 1 முதல் 2 சதவீதம் நல்லது. 4 சதவீதத்தைத் தாண்டினால் மிகச் சிறந்தது. மிகச் சிறந்த மூலப்பாறையிலும் பெரும்பகுதி வெறும் களிமண்தான் என்பதைக் கவனியுங்கள்.

கெரோஜன் என்பது என்ன?

எண்ணெய்க்கும் வாயுவுக்கும் முந்தைய நிலை அது. சேறு புதையத் தொடங்கியதும் முதல் சில நூறு மீட்டர்களில் பாக்டீரியாக்கள் புரதத்தையும் சர்க்கரையையும் தின்றுவிடுகின்றன. கொழுப்பு, மெழுகு, பாசிச் சுவரின் உறுதியான பகுதிகள், மரத்தின் லிக்னின் ஆகியவை எஞ்சுகின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து, எந்தக் கரைப்பானிலும் கரையாத பெரிய மூலக்கூறுத் திரளாகின்றன. அதுதான் கெரோஜன்.

கெரோஜனில் பார்க்க வேண்டியது ஹைட்ரஜன். மீத்தேனில் ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். கச்சா எண்ணெயில் ஏறத்தாழ இரண்டு. இந்த ஹைட்ரஜன் கெரோஜனிலிருந்துதான் பெரும்பாலும் வர வேண்டும். ஆகவே தொடக்கத்தில் கையிருப்பு எவ்வளவு என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்கள்.

முதல் வகை ஏரிப் பாசிகளிலிருந்து வருவது. அதில் கார்பன் ஒன்றுக்கு ஹைட்ரஜன் 1.5க்கு மேல். அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியுள்ள கிரீன் ரிவர் பாறை இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். இரண்டாம் வகை கடல் மிதவை உயிரிகளுடையது, ஹைட்ரஜன் 1 முதல் 1.5 வரை. வடகடல் எண்ணெயின் தாயான கிம்மரிட்ஜ் களிப்பாறை இந்த வகை. உலகில் எடுக்கப்படும் எண்ணெயில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தது. மூன்றாம் வகை நிலத் தாவரங்களின் மரமும் தண்டும். ஹைட்ரஜன் 1க்குக் குறைவு, பெரும்பாலும் வாயுதான் தரும். நான்காம் வகை ஏற்கெனவே எரிந்தோ ஆக்சிஜனேற்றம் பெற்றோ போன கரி. அதிலிருந்து எதுவும் வராது. ஆய்வு அறிக்கையில் கரிமக் கார்பன் 3 சதவீதம் என்று கண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது; அது நான்காம் வகையாகவும் இருக்கலாம்.

எந்த வெப்பத்தில் எது உருவாகிறது?

சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை கெரோஜன் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் மட்டும் இழக்கும். இந்த நிலையில் வாயு வந்தால் அது நுண்ணுயிர்களின் வேலை. அதன் பிறகு கெரோஜனின் பிணைப்புகள் உடைய ஆரம்பிக்கின்றன. முதலில் ஆக்சிஜன், கந்தகம் கலந்த பலவீனமான பிணைப்புகள் உடைகின்றன. கந்தகம் மிகுந்த கெரோஜன் முந்திக்கொண்டு குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் தருவது இதனால்தான். 90 முதல் 120 டிகிரிக்குள் எண்ணெய் உற்பத்தி உச்சத்தில் இருக்கும்.

150 டிகிரியை நெருங்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. கெரோஜனில் எண்ணெய்க்குத் தேவையான நீண்ட சங்கிலிகள் தீர்ந்துபோகின்றன. ஏற்கெனவே உருவாகிப் பாறைக்குள் மாட்டிக்கொண்ட எண்ணெயும் உடைந்து, ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் கலந்த ஈர வாயுவாகவும், தரைக்கு வந்ததும் லேசான திரவமாகும் கண்டன்சேட்டாகவும் மாறுகிறது. சமையல் சிலிண்டரில் வருவது இந்தப் புரோப்பேனும் பியூட்டேனும்தான். ஒரு பங்கு ஈர வாயுவிலிருந்து பிரிக்கப்படுகிறது, மறு பங்கு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிறது. இன்னும் சூடேறி 200 டிகிரியை ஒட்டிப் போனால் மீத்தேன் மட்டுமே மிஞ்சும். ஹைட்ரஜனை எல்லாம் மீத்தேன் எடுத்துக்கொண்டு போய்விட, பின்னால் தங்குவது கிராஃபைட்டை நோக்கிப் போகும் கரிக்கசடு.

புவியியலாளர்கள் இந்த நிலைகளை விட்ரினைட் பிரதிபலிப்பு என்ற அளவால் குறிக்கிறார்கள். விட்ரினைட் என்பது மரத்திசுவின் மிச்சம். சூடேற ஏற அது ஒளியை அதிகமாகப் பிரதிபலிக்கும். 0.6 சதவீதத்தில் எண்ணெய் தொடங்குகிறது. 1.3 சதவீதத்தில் எண்ணெய்க் காலம் முடிகிறது. 2 சதவீதம் வரை ஈர வாயு, அதன்பின் உலர் வாயு. பாறை பிறகு மேலே தள்ளப்பட்டுக் குளிர்ந்தாலும் இந்த அளவு குறைவதில்லை. அது தன் வாழ்நாளில் கண்ட உச்ச வெப்பத்தின் நிலையான பதிவு.

அப்படியானால் எண்ணெய் எவ்வளவு ஆழத்தில் உருவாகும்?

மூன்று எண்கள் தெரிந்தால் கணக்கிடலாம்: தரைமட்ட வெப்பம், ஆழத்தோடு வெப்பம் உயரும் வீதம், வேண்டிய வெப்பம். உலகின் பெரும்பாலான படுகைகளில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி உயர்கிறது. தரைமட்டத்தில் 28 டிகிரி, வீதம் 30 டிகிரி என்று கொள்வோம். 100 டிகிரியை அடைய 100 கழித்தல் 28, அதாவது 72 டிகிரி ஏற வேண்டும். 72ஐ 30ஆல் வகுத்தால் 2.4 கி.மீ. 150 டிகிரிக்கு ஏறத்தாழ 4.1 கி.மீ. வீதம் 20 டிகிரிதான் என்றால் இதே 100 டிகிரிக்கு 3.6 கி.மீ. போக வேண்டும்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, கிணற்றின் அடியில் கருவி காட்டிய வெப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக் கலவை பாறையைக் குளிர்வித்திருக்கும். கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சேற்றோட்டம் நின்றபின் பல மணி இடைவெளிகளில் எடுத்த அளவுகளைக் கொண்டு, முடிவில் எங்கே நிலைபெறும் என்று கணித்துத் திருத்த வேண்டும். இரண்டாவது தவறு இன்றைய ஆழத்தை மட்டும் பார்ப்பது. மேலிருந்த 1 கி.மீ. பாறை அரிக்கப்பட்டுப் போயிருந்தால் அந்தப் பாறை முன்பு 30 டிகிரி அதிகச் சூட்டைக் கண்டிருக்கும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

வழக்கமான படுகைகளில் லட்சங்கள் போதாது, கோடிக் கணக்கில் ஆண்டுகள் ஆகும். பாறை மெதுவாகப் புதைவதும் மெதுவாகச் சூடேறுவதுமே அதற்குக் காரணம். காலமும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கைக்கணக்கு. கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் படுகையில் கடலடி வெந்நீர் ஊற்றுகள் இளம் சேற்றைச் சுடவைத்துச் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே எண்ணெயாக்கியிருக்கின்றன. ரேடியோகார்பன் முறையில் அதன் வயதை அளந்தே சொல்கிறார்கள். ஆய்வகத்தில் இன்னும் வேகம். மூலப்பாறைத் துண்டுகளைத் தண்ணீரோடு எஃகுக் கலனில் மூடி 330 முதல் 350 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தால் நீரின் மேல் எண்ணெய் மிதக்கும்.

அழுத்தம்தான் எண்ணெயைப் பிழிந்தெடுக்கிறது என்கிறார்களே?

கெரோஜனை உடைப்பது வெப்பம். அழுத்தத்துக்கு அந்த வேலையில் பங்கு மிகக் குறைவு. ஆனால் உருவான எண்ணெயை வெளியேற்றுவதில் அழுத்தமே முக்கியம். திடக் கெரோஜன் திரவமாகவும் வாயுவாகவும் மாறும்போது கன அளவு கூடுகிறது. ஷேலின் துளைகளோ மிகச் சிறியவை. உள்ளழுத்தம் ஏறி நுண்விரிசல்கள் திறக்க, எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது.

நிலக்கரியிலிருந்தும் எரிவாயு வருமா? நெய்வேலியில் ஏன் வரவில்லை?

வரும். நெதர்லாந்தின் குரோனிங்கன் வாயு வயல் 1959இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் மிகப் பெரிய வாயு வயல்களில் அது ஒன்று. அதன் தாய்ப்பாறை கார்பானிஃபெரஸ் காலத்து நிலக்கரி. நிலக்கரி ஆழப் புதைந்து வெந்து வாயுவை விட்டது. அது மேலேறி மணற்பாறையில் தேங்கியது. அதற்கும் மேலே தடித்த உப்புப் படலம் மூடியது. தாய், தேக்கம், மூடி மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இடம் அது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அப்படி ஆழப் புதையவே இல்லை. திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி எடுக்கும் ஆழத்தில்தான் இருக்கிறது. தாவரப் பொருள் ஏராளம், வேகவில்லை. அளவு எவ்வளவு இருந்தாலும் வெப்பம் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட வாயு இல்லை என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று நெய்வேலி.

சாண எரிவாயுவும் நிலத்தடி எரிவாயுவும் ஒன்றா?

இரண்டிலும் மீத்தேன்தான், பிறக்கும் விதம் வேறு. சாண எரிவாயுக் கலனில் நடப்பது போலவே கடலடிச் சேற்றிலும் ஆக்சிஜன் தீர்ந்தபின் பாக்டீரியாக்கள் முதலில் நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அதுவும் தீர்ந்தபின் மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. புதைந்த சேற்றில் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் அவை பெரும்பாலும் வாழ்வதில்லை. இத்தாலியின் போ சமவெளியில் இப்படிப் பிறந்த வாயு வணிக அளவில் எடுக்கப்பட்டிருக்கிறது.

வேறுபடுத்துவது எளிது. நுண்ணுயிர்கள் லேசான கார்பன் 12ஐ விரும்பி எடுத்துக்கொள்வதால், அவை ஆக்கிய மீத்தேனில் கார்பன் 13 மிகக் குறைவு. ஒரு பொது ஒப்பளவைவிட ஆயிரத்துக்கு 60 பங்குக்கும் மேல் குறைவு, அதாவது மைனஸ் 60க்கும் கீழே. வெப்பத்தில் பிறந்தது பெரும்பாலும் மைனஸ் 50க்கும் மைனஸ் 20க்கும் இடையில் இருக்கும். ஈத்தேனும் புரோப்பேனும் குறிப்பிடத்தக்க அளவில் கூட இருந்தால் வெப்ப வாயு என்று ஏறத்தாழ உறுதி செய்துகொள்ளலாம்.

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்கிறதா?

இல்லை. பாறைத் துகள்களின் இடைவெளிகளில் இருக்கிறது. நல்ல மணற்பாறையில் கன அளவில் 10 முதல் 30 சதவீதம் துளை. துளைகள் இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று இணைந்திருக்கவும் வேண்டும். ஷேலிலும் துளைகள் உண்டு. இணைப்பு மிக மோசம்.

மூலப்பாறையை விட்டு வெளியேறிய எண்ணெய் நீரைவிட லேசானது என்பதால், நீர் நிறைந்த துளைகளின் வழியாக மேல்நோக்கி நகரும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் தரையில் கசிந்து போகும். அசாமின் டிக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டதற்கு அத்தகைய கசிவுகளே வழிகாட்டின. தடுக்கும் பாறை இருந்தால் அதன் அடியில் தேங்கும்: கவிழ்ந்த வளைவாகவோ, பிளவில் வெட்டுண்ட அடுக்காகவோ, ஷேலுக்குள் மெலிந்து முடியும் மணலாகவோ அந்த இடம் இருக்கலாம். தேங்கியபின் வாயு மேலே, எண்ணெய் நடுவில், நீர் அடியில். அரபிக்கடலின் மும்பை ஹை எண்ணெய் வயலில் தேக்கப்பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை. எண்ணெயோ அதற்கு வெகு கீழே, அதைவிட மூத்த ஷேல்களில் வெந்து மேலே வந்தது.

காவிரிப் படுகையில் இது எப்படி நடந்தது?

இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிக்காவும் ஒன்றாயிருந்த கோண்டுவானா கண்டம் உடைந்தபோது, ஜுராசிக் காலத்தின் இறுதியிலும் கிரெட்டேசியஸ் தொடக்கத்திலும், இந்தியாவின் கிழக்கு விளிம்பு விரிசல் விட்டது. பழைய கருங்கல் அடித்தளம் துண்டு துண்டாக நழுவி, வடகிழக்குத் தென்மேற்காக நீளும் பள்ளங்களும் மேடுகளும் உருவாயின. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் என்பவை பள்ளங்கள். கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி என்பவை இடையிலுள்ள மேடுகள். தஞ்சை வயல்களின் சமதரையைப் பார்த்து அடியில் இப்படியொரு நிலம் கிடக்கிறது என்று யாரும் ஊகிக்க முடியாது.

பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டே போகையில் படிந்த முதல் பாறைத்தொகுதிக்கு ஆண்டிமடம் என்று பெயர். 10 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த இதில் நிலத்திலிருந்து அடித்துவந்த தாவரப் பொருள் நிறைய. அதன்மேல் கடல் பெருகி வந்தபோது படிந்தது சாத்தப்பாடி ஷேல். இவ்விரண்டுமே படுகையின் முக்கிய மூலப்பாறைகள். நிலத் தாவரப் பங்கு கணிசமாக இருப்பதால் இங்கே எண்ணெயோடு வாயுவும் சேர்ந்து கிடைப்பதில் வியப்பில்லை. அதன்மேல் புவனகிரி மணற்பாறை, நன்னிலம், கமலாபுரம் என்று அடுக்குகள் தொடர்கின்றன. எல்லாம் நம் ஊர்ப் பெயர்களே.

பள்ளத்தின் நடுவில் இருக்கும் மூலப்பாறைதான் போதிய ஆழத்தில் வெந்தது. எண்ணெயும் வாயுவும் அங்கிருந்து பிளவுகள் வழியாகவும் மணல் அடுக்குகள் வழியாகவும் விளிம்புகளை நோக்கி ஏறின. ஆகவே வயல்கள் பள்ளங்களின் ஓரத்திலும் மேடுகளின் சரிவிலும் அமைந்திருக்கின்றன. மேட்டின் உச்சியில் கருங்கல்லே உடைந்து விரிசலுற்றிருந்தால் அதுவும் தேக்கப்பாறை ஆகிவிடும். மாதானம் மேட்டிலும் கடலிலுள்ள பி.ஒய்-1 வயலிலும் இப்படி அடித்தளக் கருங்கல்லின் விரிசல்களிலிருந்து எண்ணெயோ வாயுவோ கிடைத்திருக்கிறது. கருங்கல்லில் எண்ணெய் உருவாகவில்லை; பக்கத்துப் பள்ளத்து ஷேலிலிருந்து வந்து குடியேறியது.

முதல் கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. இன்று நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் எண்ணெயும் வாயுவும் எடுக்கப்படுகின்றன. இராமநாதபுரம் பள்ளத்து வாயு வழுதூர் மின்நிலையத்துக்குப் போகிறது.

இதே கிரெட்டேசியஸ் கடலின் படிவுகளை நேரில் பார்க்க விரும்பினால் பெரம்பலூர் மாவட்டத்தின் காரைக்குப் போகலாம். அங்கே அரிப்பில் வெளிப்பட்ட களிப்பாறை, சாத்தப்பாடி ஷேலுக்கு ஏறத்தாழச் சமகாலத்தது. படுகையின் மேற்கு விளிம்பில் இருந்ததால் அது ஆழப் புதையவில்லை, எண்ணெய் தரவும் இல்லை. கிழக்கே, ஆழத்தில் கிடந்த அதன் உறவுகள் தந்தன.

மீத்தேன் திட்டம், ஷேல் வாயு, ஹைட்ரோகார்பன் திட்டம்: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஹைட்ரோகார்பன் என்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். 2017இல் நெடுவாசல் போராட்டத்தின்போது அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது. எடுக்கும் முறையை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வழக்கமான முறையில், மூலப்பாறையை விட்டு வெளியேறித் தேக்கப்பாறையில் குவிந்ததைத் துளைத்து எடுக்கிறார்கள். அதன் சொந்த அழுத்தமே மேலே தள்ளும். நிலக்கரிப் படுகை மீத்தேன் நிலக்கரியின் நுண்பரப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீரின் அழுத்தமே அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆகவே நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு விடுபடும். மன்னார்குடிப் பகுதியில் விவசாயிகளுக்கு எழுந்த அச்சம் இந்த நீர் இறைப்பைப் பற்றியது. பாசனம் நிலத்தடி நீரை நம்பும் இடத்தில் அது நியாயமான அச்சம். ஷேல் வாயு மூலப்பாறையிலேயே வெளியேறாமல் தங்கியது. கிடைமட்டமாகத் துளையிட்டு, ஒரு கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான கன மீட்டர் நீரை மணலோடும் ரசாயனங்களோடும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இம்மூன்றுக்குமே புதிய திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்தவை அதில் அடங்காது.

ஒரு பாறை எண்ணெய் தருமா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

கிணற்றிலிருந்து வரும் கட்டிங்ஸ் எனப்படும் பாறைத் துகள்களைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்குகிறார்கள். ஒரு பங்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்கி, மீதியை எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மொத்தக் கரிமக் கார்பனைக் கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு பங்கு, 100 மில்லிகிராம் அளவுக்கு, ராக்-எவல் கருவிக்குள் போகிறது. பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய முறை இது. காற்றில்லாமல் 300 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் ஏற்கெனவே உருவான எண்ணெய் ஆவியாகும், அது எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் ஏற்றினால் கெரோஜன் உடைந்து வெளிவருவது எஸ்2. எஸ்2 உச்சத்தை அடையும் வெப்பம் டி-மேக்ஸ். எஸ்2ஐக் கரிமக் கார்பனால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு. எஸ்2 ஒரு கிராமுக்கு 8 மில்லிகிராம், கார்பன் 2 சதவீதம் என்றால் குறியீடு 400. கடல் சார்ந்த இரண்டாம் வகை. 50 முதல் 200 என்றால் வாயு தரும் மூன்றாம் வகை. டி-மேக்ஸ் ஏறத்தாழ 435 டிகிரியில் எண்ணெய்க் காலம் தொடங்கி, 470ஐ ஒட்டி முடிகிறது.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள்: 435 டிகிரி என்பது நிலத்தடி வெப்பம் அல்ல. நிலத்தடியில் 100 டிகிரியில் கோடி ஆண்டு நடப்பதைக் கருவி சில நிமிடங்களில் நடத்துவதால் அவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது.

பிழைகள் பெரும்பாலும் மாதிரியில் வருகின்றன. எண்ணெய் கலந்த துளையிடு சேற்றைப் பயன்படுத்தியிருந்தால் எஸ்1 பொய்யாக ஏறும்; கரைப்பானால் கழுவி மறுபடி அளக்க வேண்டும். சேற்றில் போட்ட லிக்னைட், கொட்டையோடு போன்றவை கரிமக் கார்பனை ஏற்றிக் காட்டும். மேல் அடுக்கிலிருந்து உதிர்ந்து விழுந்த துகள்கள் கலந்தால் ஆழத்துப் பாறை வேகாதது போலத் தெரியும். எஸ்2 மிகக் குறைவாக, 0.2 மில்லிகிராம் அளவில் இருந்தால் டி-மேக்ஸை நம்பவே கூடாது; உச்சம் எங்கே என்று கருவிக்கே தெரியாது. விட்ரினைட்டிலும் பழைய பாறையிலிருந்து அரித்துவந்த துகள்கள் கலந்து உயர்ந்த அளவைக் காட்டும். அதனால் ஒரே மாதிரியில் பல துகள்களை அளந்து, எண்கள் எங்கே திரள்கின்றன என்று பார்க்கிறார்கள். வெறும் சராசரி ஏமாற்றும்.

ஒரு மூலப்பாறையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும்?

தோராயக் கணக்கு ஒன்று. பரப்பு 1,000 சதுர கி.மீ., பருமன் 100 மீட்டர், கன மீட்டருக்கு 2.4 டன். பாறையின் எடை 24,000 கோடி டன். கரிமக் கார்பன் 2 சதவீதம் என்றால் 480 கோடி டன். ஹைட்ரஜன் குறியீடு வெந்து முடிவதற்குள் 300 குறைந்திருந்தால், ஒரு கிராம் கார்பனுக்கு 300 மில்லிகிராம் எண்ணெயும் வாயுவும் உருவாகியிருக்கும்: 144 கோடி டன். கேட்கப் பெரிய எண்தான். இதில் பெரும்பகுதி ஷேலிலேயே தங்கும், வழியில் துளைகளில் ஒட்டிக்கொள்ளும், கசிந்து போகும். பத்தில் ஒரு பங்கு பிடிபட்டாலே நல்ல படுகை. பிடிபட்டதிலும் மூன்றில் ஒரு பங்கை எடுக்க முடிந்தால் 5 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கையில் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் கிணறு வறண்டுபோவது ஏன்?

பெரும்பாலும் வரிசை தவறியிருக்கும். எண்ணெய் கிளம்பும்போது தேங்கும் இடம் தயாராக இருக்க வேண்டும். எண்ணெய் 6 கோடி ஆண்டுக்கு முன்பே நகர்ந்து முடிந்து, பாறை 2 கோடி ஆண்டுக்கு முன்தான் வளைந்தது என்றால், அந்த அழகான வளைவில் உப்புநீர் மட்டுமே இருக்கும். இந்தப் பிழை, செயற்கை அதிர்வலைகளைக் கொண்டு எடுக்கும் நிலத்தடி வரைபடத்தில் தெரியாது. புதைந்த வரலாற்றையும் வெப்ப வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தெரியும்.

பிறகு அசைந்த பிளவு மூடுபாறையைக் கிழித்துவிடுவது அடுத்த காரணம். தேக்கம் 80 டிகிரிக்கும் குளிராக, மேலே இருந்தால் பாக்டீரியாக்கள் லேசான பகுதிகளைத் தின்று தாரை மட்டும் விட்டுவைக்கும்; கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணல் அப்படி ஆனதே. மிக ஆழமான, சூடான சுண்ணாம்புத் தேக்கங்களில் எதிர்ப்பக்கச் சிக்கல்: ஜிப்சம் வகைச் சல்பேட்டோடு வாயு வினைபுரிந்து நச்சான ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும்.

உயிர்கள் இல்லாமலே எண்ணெய் உருவாகிறது என்ற கருத்து உண்மையா?

மீத்தேன் அளவில் உண்மை உண்டு. அட்லாண்டிக் நடுவே 2000இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்ட் சிட்டி ஊற்றுகளில், நீரும், பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலின் பாறையும் வினைபுரிந்து உயிரின் பங்கில்லாமல் மீத்தேன் உருவாகிறது. ஆனால் வணிக அளவு எண்ணெய் அப்படிக் கிடைத்ததில்லை. ஸ்வீடனின் சில்யான் விண்கல் பள்ளத்தில் 1986 முதல், உயிரின் பங்கில்லாமலே பூமியின் ஆழத்திலிருந்து எண்ணெயும் வாயுவும் வருகின்றன என்ற இயற்பியலாளர் தாமஸ் கோல்டின் கருத்தைச் சோதிக்கக் கருங்கல்லில் 6 கி.மீ.க்கும் ஆழமாகத் துளையிட்டார்கள், வணிகத்துக்குத் தேறவில்லை. கருங்கல்லில் எண்ணெய் கிடைக்கும் மாதானம் போன்ற இடங்களைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். பக்கத்திலேயே வெந்த ஷேல் கிடப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

மன்னார் வளைகுடாவில் இலங்கை கண்ட வாயு எங்கே உருவானது?

2011இல் இலங்கைப் பக்கத்து மன்னார் படுகையில் டொராடோ, பாரகூடா என்ற இரு கிணறுகளில் வாயு கிடைத்தது. டொராடோவில் கடல் 1,300 மீட்டருக்கும் ஆழம்; வாயு இருந்த மணற்பாறை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,050 மீட்டர் கீழே. கடல்நீரின் ஆழத்தைக் கழித்தால் மேலே கிடக்கும் பாறையின் பருமன் சுமார் 1,700 மீட்டர்தான். ஆழ்கடல் தரையில் வெப்பம் 4 டிகிரியை ஒட்டி இருக்கும். கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று கொண்டால் அந்த மணற்பாறை இன்று ஏறத்தாழ 55 டிகிரியில்தான் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கெரோஜன் உடைந்து வாயு தராது. வாயுவோடு கண்டன்சேட்டும் வந்ததால் அது நுண்ணுயிர்களின் வேலையும் அல்ல. ஆகவே அந்த மணற்பாறைக்கு இன்னும் சில கிலோமீட்டர் கீழே வெந்த மூலப்பாறை ஒன்று இருக்கிறது, அங்கிருந்து மேலே ஏறும் வழியும் திறந்திருந்தது.